ஷட்டர் கதவுகளுக்கு மசகிடுதல்

வீட்டில் நாள்தோறும் இயங்கும் பொறிகளுள் மிகக் குறைந்த கவனத்தைப் பெறுவது ஷட்டர் என வழங்கும் இரும்புச் சுருட்டுக் கதவேயாகும். தையல் இயந்திரத்திற்கு எண்ணெய் விடுகிறோம். மிதிவண்டியின் சங்கிலியைத் துடைத்து மசகு இடுகிறோம். கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டால் அதைக் கவனியாமல் இருப்பதில்லை. ஆனால் அறுபது கிலோகிராம் எடையுள்ள இரும்புத் திரையொன்று நாள்தோறும் நம் தலைக்கு மேலே ஏறி இறங்குவதை ஒரு பொறியின் இயக்கமாகவே நாம் கருதுவதில்லை. அது பாதி வழியில் சிக்கிக்கொண்ட பின்னரே அதன் நினைவு வருகிறது. அப்போதும் கைக்குக் கிடைத்த எண்ணெயைக் கைபோன இடத்தில் ஊற்றிவிட்டு, வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். இவ்வாறு ஊற்றப்படும் எண்ணெய் பல சமயங்களில் நன்மையைவிடத் தீமையையே மிகுதியாகச் செய்கிறது. எந்த உறுப்புக்கு எவ்வகை மசகு தேவை, எதற்கு மசகே கூடாது, எந்த உறுப்பை நாம் தொடவே கூடாது என்னும் மூன்றையும் அறிந்துகொள்வதே பராமரிப்பின் சாரமாகும்.

பெங்களூரு நகரின் விவேக் நகரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். குழந்தை இயேசு திருத்தலத்தினால் வெளியூர்களிலும் பெயர் பெற்ற இப்பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழ்கின்றன. இங்குள்ள தெருக்கள் பல குறுகியவை. வீடுகள் தெருவை ஒட்டியே எழுந்துள்ளன. கீழ்த்தளம் கார் கொட்டகையாகவோ சிறு கடையாகவோ அமைகிறது. இத்தகைய இடத்தில் வெளிப்புறமாகத் திறக்கும் இரட்டைக் கதவை வைத்தால், அது தெருவில் செல்வோர்மீது மோதும். உட்புறமாகத் திறக்க வைத்தால், வண்டி நிற்க இடமிராது. மேல்நோக்கிச் சுருண்டுகொள்ளும் கதவுக்கோ தரையில் ஓர் அங்குல இடமும் வேண்டியதில்லை. நம் நாட்டு நகரங்களில் ஷட்டர் இவ்வளவு பரவியிருப்பதன் காரணம் இதுவே. அமெரிக்க நாட்டில் கார் கொட்டகைக் கதவுகள் அகன்ற பலகைகளாக மடிந்து, கூரையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும் வகையில் அமைக்கப்படுகின்றன. தோற்றம் வேறாயினும், எடையைத் தாங்கும் வில், ஓரங்களை நடத்திச் செல்லும் தடம், சுழலும் தண்டு ஆகிய மூன்றும் இரண்டிற்கும் பொதுவானவை. ஆகையால் மசகிடும் விதிகளும் பெரும்பாலும் ஒன்றே.

கதவின் அமைப்பு

ஷட்டரின் திரை நீண்ட எஃகுப் பட்டைகளால் ஆனது. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் காணும் பட்டை 80 மில்லிமீட்டர் அகலமுள்ளது. ஒவ்வொரு பட்டையின் விளிம்பும் கொக்கிபோல் வளைக்கப்பட்டு, அடுத்த பட்டையின் விளிம்பில் கோக்கப்படுகிறது. இந்தக் கோப்பு ஒரு நீண்ட கீலாகப் பயன்படுவதால் திரை பாய்போலச் சுருளுகிறது. பட்டைகள் பக்கவாட்டில் நழுவாதிருக்க, அவற்றின் முனைகளில் பூட்டுத் துண்டுகள் பொருத்தப்படுகின்றன. திரையின் இரு ஓரங்களும் சுவரில் பதித்த இரும்புத் தடங்களுக்குள் ஏறி இறங்குகின்றன. மேலே தகட்டு மூடிக்குள் ஒரு குழாய்த் தண்டு உண்டு. அத்தண்டைச் சுற்றிச் சுருள்வில்கள் அமைந்துள்ளன. இவற்றையே மெக்கானிக்குகள் ஸ்பிரிங் என்கின்றனர். திரையின் மேல் விளிம்பு இந்த வில்களோடு இணைந்த உருளைகளில் மாட்டப்பட்டிருக்கும். நல்ல கதவுகளில் உருளைகள் பால்பேரிங்கின்மேல் சுழல்கின்றன. பரப்பு 10 சதுர மீட்டருக்கு மேற்படும் கதவுகளுக்குச் சங்கிலியும் கைப்பிடிச் சக்கரமும் தனியே சேர்க்கப்படுவதற்கு அதே பட்டியலில் இடமுண்டு.

ஆகவே உராய்வு நிகழும் இடங்கள் நான்கு: பட்டைகளின் கோப்புகள், பக்கத் தடங்கள், மேல்தண்டின் பேரிங்குகள், பூட்டு. இந்நான்கிற்கும் ஒரே மசகைப் பயன்படுத்துவது, எல்லா நோய்க்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

வில்லில் அடங்கிய ஆற்றல்

மசகைப் பற்றிக் கூறுமுன், வில்லைப் பற்றி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நலம். அகலமும் உயரமும் 2.5 மீட்டர் உள்ள ஒரு கதவின் பரப்பு 6.25 சதுர மீட்டர். தகட்டின் கனம் 1.2 மில்லிமீட்டராயின், எஃகின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட, எடை ஏறக்குறைய 59 கிலோகிராம் ஆகிறது. வளைத்த விளிம்புகளையும் அடிச்சட்டத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். 60 கிலோகிராம் என்றே கொள்வோம். இவ்வளவு எடையை ஒரு மூதாட்டியும் ஒரு கையால் தூக்க முடிகிறதென்றால், அதைத் தூக்குவது உண்மையில் அவர் கையன்று; வில்லே.

கதவை இறக்கும்போது அதன் எடை வில்லை முறுக்குகிறது. திரை எவ்வளவுக்குக் கீழே தொங்குகிறதோ அவ்வளவுக்கு வில்லின் முறுக்கும் மிகுகிறது. ஏற்றும்போது முறுக்கு அவிழ்ந்து, சேமித்த ஆற்றல் திரும்பக் கிடைக்கிறது. மேலே செல்லச் செல்லத் தொங்கும் எடை குறைகிறது. வில்லின் விசையும் அதற்கேற்பக் குறைகிறது. இவ்விரண்டும் ஒத்திருப்பதே நல்ல கதவின் இலக்கணம்.

இந்த ஆற்றலின் அளவு யாது? 60 கிலோகிராம் எடையுள்ள திரையின் நடுப்புள்ளி 1.25 மீட்டர் உயர்த்தப்படுவதாகக் கொண்டால், அது சுமார் 735 ஜூல் ஆகும். 25 கிலோகிராம் அரிசி மூட்டையொன்றை 3 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் வெளிப்படும் ஆற்றலும் இதுவே. கதவு மூடியிருக்கும் ஒவ்வொரு இரவும் ஏறக்குறைய இவ்வளவு ஆற்றல் நம் தலைக்கு மேலுள்ள தகட்டு மூடிக்குள் முறுக்குண்டு காத்திருக்கிறது. வில்லையோ, அதைப் பிடித்திருக்கும் திருகுகளையோ அறியாமல் தளர்த்துபவர்மீது அது முழுவதும் ஒரு கணத்தில் பாயக்கூடும். அமெரிக்காவிலும் கார் கொட்டகைக் கதவின் முறுக்கு வில்லைச் சரிப்படுத்தும் வேலை பயிற்சி பெற்றவர்களுக்கே உரியதென்று வற்புறுத்தப்படுவதன் காரணம் இதுவே.

மசகின் தத்துவம்

மசகு என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. மாட்டு வண்டியின் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்து, அச்சில் மை தடவும் வழக்கம் நம் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. விளக்கெண்ணெயோடு வைக்கோலைச் சுட்ட கரியைக் குழைத்து அந்த மசகு தயாரிக்கப்பட்டது. எண்ணெய் மட்டும் இட்டால் வழிந்தோடிவிடும். கரி அதைக் கெட்டிப்படுத்தி அச்சிலேயே நிறுத்தியது. இன்று நாம் கிரீஸ் என்று வாங்கும் பொருளின் தத்துவமும் இதுவேயாகும். கிரீஸ் என்பது எண்ணெயைத் தன்னுள் பிடித்துவைத்திருக்கும் ஒருவகைச் சோப்பு. பெருவழக்கில் உள்ள லிதியம் கிரீஸின் சோப்பைத் தயாரிக்க உதவும் கொழுப்பு அமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்தே பெறப்படுகிறது என்பது பலர் அறியாத செய்தி. வண்டி மை மறைந்தாலும், ஆமணக்கு மசகைவிட்டு நீங்கவில்லை.

இரும்பின் மேற்பரப்பு கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், நுண்ணோக்கியின் வழியே நோக்கினால் மலையும் பள்ளத்தாக்குமாகக் காணப்படும். இரு பரப்புகள் ஒன்றையொன்று தொடும்போது, உண்மையில் தொடுபவை இந்நுண்மலைகளின் உச்சிகளே. முழு எடையும் அவ்வுச்சிகளின்மேல் இறங்குவதால் அவை ஒட்டிக்கொள்கின்றன, நகர்த்தும்போது பிய்கின்றன. உராய்வும் தேய்மானமும் இவ்வாறே தோன்றுகின்றன. உலர்ந்த எஃகு எஃகின்மேல் நகரும்போது உராய்வுக் கெழு சாதாரணமாக 0.6 முதல் 0.8 வரை இருக்கும். நல்ல மசகிட்டால் 0.1 அளவிற்குக் குறையும். அதாவது 10 கிலோகிராம் எடையுள்ள பொருளை இழுக்க உலர்ந்த நிலையில் 6 முதல் 8 கிலோகிராம் விசை தேவையாயின், மசகிட்டபின் சுமார் 1 கிலோகிராம் போதும்.

மசகு இருவகையாகப் பணிபுரிகிறது. 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் பொறியியலர் ரயில் வண்டி அச்சின் பேரிங்கை ஆராய்ந்தார். பேரிங்கின் உச்சியில் ஒரு துளையிட்டபோது எண்ணெய் அதன் வழியே மேலே பொங்கிற்று. துளையை அடைத்துப் பார்த்தார். அடைப்பு வெளியே தள்ளப்பட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பதும், வண்டியின் முழு எடையும் அந்த எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது என்பதும் இதனால் புலனாயின. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் அளித்தார். ஆயினும் இவ்வாறு மிதப்பதற்கு அச்சு விடாது விரைந்து சுழலவேண்டும். நம் ஷட்டரோ நாளுக்குச் சில முறை, அதுவும் மெதுவாகவே, நகருகிறது. ஒவ்வொரு முறையும் நின்று திசை மாறுகிறது. ஆகையால் மிதக்கத்தக்க படலம் அதில் உண்டாவதில்லை. இங்கே காப்பது இரும்போடு ஒட்டிக்கொள்ளும் மிக மெல்லிய மூலக்கூற்றுப் படலமே. இதை வில்லியம் ஹார்டி என்பவர் 1920-களில் ஆராய்ந்து விளக்கினார். நாம் அறியவேண்டுவது யாதெனில், ஷட்டருக்கு வேண்டியது எண்ணெயின் மிகுதியன்று. ஒட்டி நிற்கும் தன்மையே. ஒரு கிண்ணம் எண்ணெயை ஊற்றுவதால் விளையும் பயன், துணியால் தடவும் சில துளிகளின் பயனைவிட அதிகமாவதில்லை.

தூசியும் எண்ணெயும்

அதிக எண்ணெய் வீண் மட்டுமன்று, கெடுதலுமாகும். தெருத்தூசியில் மணலின் நுண்துகள்கள் உண்டு. மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினமானது. உலர்ந்த தடத்தில் விழும் மணல் பெரும்பாலும் கீழே உதிர்ந்துவிடுகிறது. கிரீஸ் பூசிய தடத்தில் விழும் மணலோ அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. கதவு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அக்கலவை பட்டைகளின் முனைகளை அரைக்கிறது. பட்டறையில் இரும்பை மெருகிடும் சாணைப்பசைக்கும் அதற்கும் வேறுபாடில்லை. தடத்தில் காணும் கரிய பிசின் தேய்ந்த இரும்பும் மணலும் கலந்ததேயன்றி வேறில்லை. பலர் அதைக் கண்டு, மசகு நன்றாக இருக்கிறதென்று மகிழ்ந்து, அதன்மேல் மீண்டும் கிரீஸ் பூசுகின்றனர்.

ஆகையால் பக்கத் தடங்களுக்கு ஈரமான மசகு ஆகாது. உலர்ந்த மசகே தகும். கடைகளில் கிடைக்கும் சிலிக்கோன் தெளிப்பான் நன்று. அது இல்லாவிடில் வெள்ளை மெழுகுவர்த்தித் துண்டே போதும். சுத்தம் செய்த தடத்தின் உட்புறத்தில் மேலிருந்து கீழாக ஒருமுறை தேய்த்து, துணியால் மெல்லத் துடைத்துவிடவேண்டும். திருத்தலத்தின் அருகே மெழுகுவர்த்திக்குப் பஞ்சமில்லை. மெழுகைக் கனமாகப் பூசினால், வெயில் நேரே படும் கதவில் அது இளகித் தூசியைப் பிடிக்கும். மெல்லிய பூச்சே வேண்டும்.

தகாத எண்ணெய்கள்

சமையலறை எண்ணெய்கள் எவையும் ஷட்டருக்கு ஏற்றவையல்ல. நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் காற்றிலுள்ள பிராணவாயுவோடு நாளடைவில் சேர்ந்து பிசினாகின்றன. தேங்காயெண்ணெய் அவ்வளவு எளிதில் பிசினாவதில்லை. ஆனால் அது சுமார் 24 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே உறைந்துவிடும். பெங்களூரின் மார்கழிக் காலையில் வெப்பநிலை 15 டிகிரியை நெருங்குவது சாதாரணம். அலமாரியில் உறைந்து நிற்கும் எண்ணெய்ப் புட்டியைக் காணும் இல்லத்தரசிக்கு, கதவின் பூட்டுக்குள் இட்ட அதே எண்ணெய் என்ன நிலையில் இருக்குமென்று விளக்கத் தேவையில்லை.

மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும். ஆனால் விரைவில் ஆவியாகி, மசகை எஞ்ச விடாது. ஆகவே அது சுத்தம் செய்யும் பொருளேயன்றி மசகன்று. டபிள்யூ.டி.-40 என்னும் தெளிப்பானைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். இது 1953-இல் அமெரிக்காவில் விண்வெளித் தொழிலின் தேவைக்காக உருவாக்கப்பட்டது. ஈரத்தை அகற்றித் துருவைத் தடுப்பதே அதன் முதல் நோக்கம். நாற்பதாவது முயற்சியில் கைகூடிய கலவை என்பதை அதன் பெயரிலுள்ள எண் குறிக்கிறது. சிக்கிய உறுப்பை இளக்கவும் ஈரத்தைப் போக்கவும் அது சிறந்தது. ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால், அதற்குப்பின் உரிய மசகை இடவேண்டும். மோட்டார் வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெயை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அதில் அமிலங்களும் உலோகத் துகள்களும் கலந்திருக்கும். தோலில் படிந்து பழகுவதும் உடலுக்குத் தீங்கு.

மழையும் துருவும்

பெங்களூரில் கோடை இடிமழையும், தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி மழையும் தொடர்ந்து வருவதால், ஏப்ரல் முதல் நவம்பர் வரை கதவுகள் அடிக்கடி நனைகின்றன. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை நகரங்களின் உப்புக் காற்று இங்கில்லை. அந்நகரங்களில் இரும்பு இன்னும் விரைவாக அரிக்கப்படும். ஆயினும் இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடும் இடத்தில் துரு தோன்றுவது திண்ணம். உலோக அரிப்பைப் பற்றி ஆராய நம் நாட்டில் ஒரு தனி நிலையமே உண்டு: காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்.

துரு, அதைத் தோற்றுவித்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். பட்டைகளின் கோப்புக்குள் துரு பிடித்தால், அங்குள்ள சிறு இடைவெளி அடைபட்டு, கீல் இறுகிவிடுகிறது. வளைய மறுக்கும் பட்டை சுருளும்போது மேல்மூடியில் உரசும். அடிச்சட்டமே முதலில் துருப்பிடிக்கும். ஏனெனில் மழைநீர் தேங்குவது அங்கேதான். துத்தநாகம் பூசிய பட்டைகளில், இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் தன்னை முதலில் அரிக்கவிட்டு இரும்பைக் காக்கிறது. ஆகவே அத்தகைய பட்டைகளை உப்புத்தாளால் தேய்த்து அப்பூச்சை நீக்கிவிடலாகாது.

செய்முறை

வருடத்திற்கு இருமுறை, மழைக்கு முன் மே மாதத்திலும், மழை ஓய்ந்தபின் டிசம்பரிலும், கீழ்க்கண்டவாறு செய்வது போதுமானது. ஆயுத பூஜையன்று ஷட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சாத்தும் வழக்கமுள்ள வீட்டார், அன்று தடங்களை ஒருமுறை துடைத்துவிடுவார்களாயின் மூன்றாவது பராமரிப்பும் நிறைவேறிவிடும்.

முதலாவது: கதவை முழுவதும் இறக்கி, தடங்களைக் கடினமான தூரிகையால் துடைக்கவேண்டும். பிசின் பிடித்திருந்தால், மண்ணெண்ணெயிலோ டர்பென்டைனிலோ நனைத்த துணியால் துடைத்து, பின்னர் உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைக்கவேண்டும். அருகில் நெருப்பு இருக்கலாகாது, காற்றோட்டம் வேண்டும். நனைந்த துணிகளைக் குவித்து வைக்காமல் விரித்து உலர்த்தவேண்டும்.

இரண்டாவது: தடம் நேராக உள்ளதா என்று பார்க்கவேண்டும். வண்டி இடித்து நசுங்கிய தடத்தை எந்த மசகாலும் திருத்த முடியாது.

மூன்றாவது: உலர்ந்த தடத்தில், மேற்கூறியவாறு மெழுகையோ சிலிக்கோனையோ இடவேண்டும்.

நான்காவது: பட்டைகளின் உட்புறத்தைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுக் கோப்புகளின் மேல் தடவவேண்டும். எண்ணெய் நுண்ணிய இடைவெளிக்குள் தானே ஈர்க்கப்பட்டுச் செல்லும். கதவை இருமுறை ஏற்றி இறக்கி, வெளியே கசிவதைத் துடைத்துவிடவேண்டும்.

ஐந்தாவது: பூட்டின் துளையில் எண்ணெய் விடாமல் கிராபைட் தூளை இடவேண்டும். பென்சில் முனையைத் தாளில் தேய்த்து எடுத்த தூளும் உதவும். கிராபைட் சீட்டுக்கட்டுபோல் அடுக்கடுக்காக அமைந்தது. அடுக்குகள் ஒன்றின்மேலொன்று நழுவுகின்றன. இவ்வாறு நழுவுவதற்குக் காற்றில் சிறிது ஈரமும் வேண்டும். 1940-களில் மிக உயரப் பறந்த விமானங்களில், மின்பொறிகளின் கரித்துண்டுகள் உலர்ந்த காற்றில் விரைவாகத் தேய்ந்தழிந்தன. அதனை ஆராய்ந்தபோதே இவ்வுண்மை தெளிவாயிற்று. நம் ஊரின் காற்றில் அக்குறை நேர்வதில்லை.

மேல்தண்டின் பேரிங்கைப் பற்றிக் கூறினால், இருபுறமும் மூடி முத்திரையிட்ட பேரிங்குகளுக்குக் கிரீஸ் தேவையில்லை. கிரீஸ் இடுவதற்கான முலை உள்ளவற்றிற்கு லிதியம் கிரீஸ், கெட்டித்தன்மையில் எண் 2 எனப்படுவது, ஏற்றது. எனினும் இதையும் வில்லுக்கு எண்ணெய் பூசுவதையும் வீட்டார் தாமே செய்ய முற்படலாகாது. காரணம் எளிது. கதவு மேலே இருக்கும்போது வில்கள் சுருண்ட திரைக்குள் மறைந்திருக்கும்; கையால் எட்ட முடியாது. கதவு கீழே இருக்கும்போது வில்கள் வெளியே தெரியும். ஆனால் அப்போதுதான் அவை முழு முறுக்கில் இருக்கும். எட்டும் நேரத்தில் ஆபத்து மிகுதி. ஆபத்துக் குறைந்த நேரத்தில் எட்டாது. ஏணியின்மேல் நின்று, முறுக்குண்ட வில்லினருகே கையை நீட்டுவது சிறிய சேமிப்பிற்காகப் பெரிய இழப்பை வரவழைப்பதாகும். வருடத்திற்கு ஒருமுறை அனுபவமுள்ள ஷட்டர் மெக்கானிக்கைக் கொண்டே இதைச் செய்விக்கவேண்டும்.

ஓசை உணர்த்தும் குறிகள்

ஷட்டரின் ஓசையே அதன் நோயைத் தெரிவிக்கிறது. நீண்ட கிறீச்சொலி, ஒட்டியும் நழுவியும் மாறிமாறி நகரும் உராய்வினால் பிறப்பது. வயலின் வில்லுக்குக் குங்கிலியம் தடவி நரம்பில் இழுக்கும்போது இன்னிசை பிறப்பதும் இதே தத்துவத்தினால்தான். ஷட்டரிடம் இசை இல்லை என்பதே வேறுபாடு. இதற்கு மருந்து, தடத்தைத் துடைத்து உலர்ந்த மசகிடுவது. ஒரே உயரத்தில் மட்டும் கேட்கும் உரசல், வளைந்த பட்டையையோ நசுங்கிய தடத்தையோ குறிக்கும். கடகடவென்னும் ஓசை, பூட்டுத் துண்டு கழன்றதையோ பிடிமானத் திருகு தளர்ந்ததையோ காட்டும். மேல்மூடிக்குள்ளிருந்து வெடிப்பதுபோல் ஓர் ஒலி கேட்டு, அதன்பின் கதவு திடீரென்று கனத்துவிட்டால், வில்லொன்று முறிந்துவிட்டதென்று கொள்ளவேண்டும். அக்கதவை மேலும் தூக்க முயலலாகாது.

மசகிட்டபின் சமநிலையைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். கதவின் நடுவில் இரு கைகளாலும் பிடித்து, அடிச்சட்டத்தை இடுப்பளவு உயர்த்தவேண்டும். கால்களைக் கதவுக்கு நேர்கீழே வைக்கலாகாது. பின்னர் கைகளை முற்றிலும் எடுக்காமல் பிடியைச் சிறிது தளர்த்தவேண்டும். கதவு அங்கேயே நின்றாலும், மிக மெதுவாக அசைந்தாலும் நன்று. கனத்துக் கீழே விழ முற்பட்டால் வில் தளர்ந்துள்ளது. மேலே பாய முற்பட்டால் வில் மிகையாக முறுக்கப்பட்டுள்ளது. இரு நிலைகளிலும் மெக்கானிக்கை அழைக்கவேண்டுமேயன்றி, மேலும் எண்ணெய் விட்டுப் பயனில்லை. எண்ணெய் உராய்வைக் குறைக்கும், எடையைக் குறைக்காது. இவ்வேறுபாட்டை உணராமையே பெரும்பாலான விபத்துக்களுக்கு வித்தாகிறது. தளர்ந்த வில்லையுடைய கதவை, தடத்திலுள்ள அழுக்கின் உராய்வே பல நாள் விழாமல் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். அத்தகைய தடத்தைச் சுத்தம் செய்து மெழுகிட்டவுடன், அந்தப் பிடி நீங்கி, கதவு சட்டென்று கீழிறங்கும். ஆகையால் மசகிட்டபின் முதன்முறை கதவை ஏற்றும்போது, குழந்தைகளை அப்பால் அனுப்பிவிடுதல் வேண்டும்.

மின்மோட்டார் பொருத்திய கதவுகள்

இக்காலத்தில் பல வீடுகளில் மின்மோட்டாரால் இயங்கும் ஷட்டர்கள் அமைக்கப்படுகின்றன. இவற்றைத் துடைக்குமுன் மின்தொடர்பைத் துண்டிப்பது முதற்கடமை. மோட்டார் கதவின் குறையை மறைத்துவிடும் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும். கையால் தூக்கும்போது நமக்குத் தெரியும் கனம், பொத்தானை அழுத்துபவருக்குத் தெரிவதில்லை. மோட்டார் எரியும்வரை குறை வெளிப்படாது. ஆகையால் கைப்பிடியால் இயக்கும் வசதி இருப்பின், மாதம் ஒருமுறை அதைக்கொண்டு கதவை இயக்கிப் பார்ப்பது நலம்.

தானே இறங்கும் கதவின்கீழ் குழந்தைகள் அகப்பட்டுக்கொள்ளும் விபத்துக்கள் நேர்ந்ததையொட்டி, அமெரிக்காவில் 1993 ஜனவரி 1 முதல் தயாரிக்கப்படும் வீட்டுக் கார் கொட்டகைக் கதவுப் பொறிகளில், இடையே அகப்பட்டவரைக் காக்கும் அமைப்பு இருத்தல் வேண்டுமெனச் சட்டம் விதித்தது. நம் வீட்டுக் கதவில் அத்தகைய ஒளிக்கண் அமைந்திருப்பின், அதன் கண்ணாடியைத் துடைப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே. தூசி படிந்த கண்ணால் குழந்தையைக் காண இயலாது.

மொத்தத்தில், ஷட்டரின் பராமரிப்புக்கு வேண்டியவை ஒரு தூரிகை, இரண்டு பழந்துணிகள், ஒரு மெழுகுத்துண்டு, ஒரு சிறு புட்டி மெல்லிய எண்ணெய், ஒரு மணி நேரம் ஆகியவையே. தடத்திற்கு உலர்ந்த மசகு, கோப்புகளுக்கு மெல்லிய எண்ணெய், பூட்டுக்குக் கிராபைட், பேரிங்குக்குக் கிரீஸ், வில்லுக்குத் தேர்ந்த கை என்னும் ஐந்தையும் வீட்டார் நினைவிற்கொள்வார்களாக. இவற்றைக் கடைப்பிடித்தால் கதவு நெடுங்காலம் உழைக்கும்; அதன்கீழ் நாள்தோறும் சென்று வருவோருக்கும் தீங்கு நேராது.